மாட்டிறைச்சி ஸ்டூ ஏன் ரப்பராகிறது?

ஒற்றையடுப்பு, 2024 ஜூன் 1, இரவு 9.40

பம்பலப்பிட்டியில் ஒரு அனெக்ஸில் இருக்கிறேன். ஒரு காஸ் அடுப்பு, ஒரு சட்டி, ஒரு தாச்சி, இவ்வளவுதான் சொத்து. மழைக்கு வீட்டு ஞாபகம் வந்து மாட்டிறைச்சி ஸ்டூ வைக்கப் பார்த்தேன். முக்கால் மணித்தியாலம் கொதிக்க விட்டேன், இறைச்சி ரப்பர். அடுத்த முறை காசைப் பார்க்காமல் எலும்பு, சவ்வு, கொழுப்பு ஒன்றும் இல்லாத நல்ல தனி இறைச்சியாக வாங்கி ஒன்றரை மணித்தியாலம் வைத்தேன். அது ரப்பர் இல்லை, மரத்தூள். கொழும்பில் விற்கிறதெல்லாம் கிழட்டு மாடு, அதில் ஸ்டூ வராது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கொட்டாஞ்சேனைக்காரன், 2024 ஜூன் 2, காலை 6.10

மறுக்கிறேன். மாட்டின் மேல் பழி போடாதீர்கள் தங்கச்சி. முதல் முறை நேரம் பிழை, இரண்டாம் முறை துண்டு பிழை.

இறைச்சியை நார், சவ்வு என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். சூடு 60 பாகையைத் தாண்டினால் நார் சுருங்கித் தன்னிடம் உள்ள தண்ணீரைப் பிழிந்து வெளியே விட்டுவிடும். அதற்கு அதிக நேரம் வேண்டாம். நாரைக் கட்டி வைத்திருக்கிற சவ்வு அப்படி இல்லை. 70 பாகைக்கு மேல் மணிக்கணக்காகக் கிடந்தால்தான் அதிலுள்ள கொலாஜன் இளகி ஜெலட்டினாகும். முக்கால் மணித்தியாலத்தில் நீங்கள் அடுப்பை அணைத்தபோது நார் சுருங்கி முடிந்திருக்கும், சவ்வு அப்போதுதான் இளகத் தொடங்கியிருக்கும். இறைச்சி ஆகக் கடினமாக இருக்கும் நேரம் பார்த்து மூடியைத் திறந்திருக்கிறீர்கள்.

இரண்டாம் முறை வாங்கியதில் சவ்வே இல்லை. இளகுவதற்கு ஒன்றும் இல்லாததால் பிழிகிற வேலை மட்டும் நடந்தது. மரத்தூள் என்று சொன்னீர்களே, அதைவிடச் சரியான சொல் கிடையாது.

இனிமேல் கடையில் போய் நல்ல இறைச்சி கேட்காதீர்கள். "நானா, முழங்காலுக்குக் கீழே, சவ்வோடு, எலும்பும் சேர்த்து, ஸ்டூவுக்கு" என்று கேளுங்கள். கால் இல்லாவிட்டால் நெஞ்சுப் பக்கம். செலவும் குறையும். சில நேரம் பரிதாபப்பட்டு நல்லி எலும்பு ஒன்றைச் சும்மாவும் போடுவார்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன் மறுபடியும், 2024 ஜூன் 2, முற்பகல் 11.30

எங்கள் ஒழுங்கைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். வெளியே போக வழியில்லை, ஆகவே எழுதலாம்.

நான் வைக்கும் விதம் இது. ஒரு கிலோ கால் இறைச்சி, ஒன்றரை அங்குலத் துண்டுகள். சின்னதாக வெட்டினால் கெதியாக அவியும்தான், ஆனால் கடைசியில் துண்டைத் தேட வேண்டியிருக்கும். துணியால் ஈரத்தைத் துடையுங்கள். தாச்சியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் ஐந்தாறு துண்டாகப் போட்டு மண்ணிறம் வரும்வரை வறுத்து எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும், நிறம் வராது. பொறுமை வேண்டிய இடம் இந்தப் பதினைந்து நிமிடம்தான். பிறகு சட்டி தன் வேலையைத் தானே பார்க்கும்.

வறுப்பது சாறு வெளியே போகாமல் வாயை அடைக்க என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் லீபிக் என்ற ஜெர்மன் இரசாயனவியலாளர் கிளப்பிவிட்ட கதை அது. வறுத்த இறைச்சியும் சாறு விடும். வறுப்பது நிறத்துக்கும் மணத்துக்கும். பாண் மேற்பட்டை சிவப்பதும் இதே வேதியியலால்தான், 1912இல் அதை எழுதி வைத்த பிரெஞ்சுக்காரர் மையார் பெயரால் அதைச் சொல்கிறார்கள்.

அதே தாச்சியில் இரண்டு பம்பாய் வெங்காயம், ஐந்து பல்லு உள்ளி, ஒரு துண்டு இஞ்சி, கறுவாப்பட்டை இரண்டு அங்குலம், கராம்பு நான்கு, ஏலக்காய் மூன்று, றம்பை, கறிவேப்பிலை. வெங்காயம் நன்றாகச் சிவக்க வேண்டும். இடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி. மிளகாய்த்தூள் கிடையாது, மஞ்சள் கிடையாது. மிளகாய்த்தூள் போட்டால் அது கறி. கறி நல்ல சாமான்தான், அதற்கு வேறு இழை தொடங்குங்கள்.

கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டு, அடியில் ஒட்டியதைச் சுரண்டி, எல்லாவற்றையும் சட்டியில் இறைச்சிக்கு மேல் ஊற்றுங்கள். இறைச்சி மூடும் அளவுக்குத் தண்ணீர். ஒருமுறை கொதித்ததும் தீயைக் குறைத்து, மேலே ஒன்றிரண்டு கொப்புளம் மட்டும் எட்டிப் பார்க்கும்படி இரண்டரை மணித்தியாலம் மூடி வையுங்கள். பிறகு கரட் மூன்று, உருளைக்கிழங்கு நான்கு, லீக்ஸ் ஒன்று, தக்காளி இரண்டு. இன்னும் நாற்பது நிமிடம். கடைசியில் உப்பு.

2024 ஜூன் 2, இரவு 8.50

திருத்தம். மனைவி மேலே எழுதியதை வாசித்துவிட்டு, "இஞ்சாருங்கோ, நீங்கள் உப்பை எப்போதும் முதலிலேயே போடுகிறவர், எழுதும்போது மட்டும் ஏன் கடைசியில்?" என்று கேட்டார். அவர் சுத்த சைவம். என் ஸ்டூவை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை, ஆனால் நான் என்ன எப்போது போடுகிறேன் என்பதை முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உப்பு முதலிலேயே. வறுப்பதற்கு முந்திய இரவே தூவி வைத்தால் இன்னும் நல்லது. கடைசியில் போட்டால் குழம்பு உப்பாகவும் இறைச்சி சப்பென்றும் இருக்கும். முதலில் போட்டால் இறைச்சி கடினமாகும் என்பது அம்மாவின் வாக்கு. வாக்கை நினைவில் வைத்திருக்கிறேன், கை மட்டும் எப்போதோ மாறிவிட்டது.

நாளைக்குப் பாடசாலைகளும் மூடல். இந்த மழைக்குச் சட்டி ஏறாமல் இருப்பது பாவம்.

2024 ஜூன் 3, மாலை

இடையில் ஒருவர் ஸ்மோர்தான் ஸ்டூ என்று எழுதியிருக்கிறார். இல்லை. ஸ்மோர் ஒரு முழுத்துண்டு இறைச்சி. வினாகிரி, தேங்காய்ப்பால், சரக்குத்தூள் எல்லாம் சேர்த்து மெல்ல வேகவைத்து, கடைசியில் மெல்லிய தகடுகளாக அரிந்து பரிமாறுவது. சொல்லே ஒல்லாந்துச் சொல், மூடிவைத்து மெல்ல வேகவிடுவது என்று பொருள். ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தது 1656இல், விட்டது 1796இல். சாமானை விட்டுவிட்டுப் போனார்கள், பறங்கியர் வீட்டுக் குசினிகள் அதைத் தேங்காய்ப்பாலில் நனைத்துத் தங்களுடையதாக்கிக்கொண்டன.

எங்கள் வீட்டு ஸ்டூவும் ஒரு பறங்கி அன்ரியிடமிருந்து வந்ததுதான். கொட்டாஞ்சேனையில் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் அரைகுறை. இரண்டு பேரும் சிங்களத்தில் சமையல் கதைப்பார்கள். அம்மா அதை "இஸ்டு" என்பார். ஞாயிறு பூசை முடிந்து லூசியா கோயிலிலிருந்து நடந்து வரும்போது ஒழுங்கை முனையிலேயே கறுவா மணம் வரும். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அந்த மணம் வராது, உயிர்த்த ஞாயிறன்று இரண்டு வீட்டிலிருந்தும் வரும்.

அன்ரி கடைசியில் ஒரு கரண்டி வினாகிரி விடுவார். அம்மா விடமாட்டார், முதற்பால் ஒரு கோப்பை விட்டு இறக்குவார். நான் ஒரு கிழமை இப்படி, ஒரு கிழமை அப்படி. இரண்டையும் ஒன்றாகச் செய்து பார்த்தேன் ஒருமுறை, பால் திரைந்து வெள்ளைத் துகளாக மிதந்தது. புளிப்போ பலமான கொதியோ பட்டால் தேங்காய்ப்பால் பிரிந்துவிடும். பால் விட்டால் தீயை அடக்கி, ஒரு சுற்றுச் சுற்றி இறக்குங்கள்.

2024 ஜூன் 8, இரவு

பிரஷர் குக்கர் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தவிர்த்து வந்தேன், காரணம் இருக்கிறது.

கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்த புதிது. மனைவி யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். மாட்டிறைச்சி வீட்டுக்குள் வராது என்பது பேச்சு, அதை நானும் ஒப்புக்கொண்டேன். ஆறு மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு பல்கனியில் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனி அகப்பை என்று ஓர் உடன்படிக்கை எழுதாமலே கைச்சாத்தானது. இன்றுவரை அமுலில் இருக்கிறது. மாமி ஊரிலிருந்து வந்து நிற்கும் நாட்களில் பல்கனிக் கதவு பூட்டியிருக்கும், "கதவுக்கு இறுக்கம்" என்று மனைவி சொல்வார்.

அந்தப் பல்கனியில் முதன்முதலாக வைத்த ஸ்டூவுக்குக் கடன் வாங்கிய குக்கர். குழம்பு தடிப்பாக வர வேண்டும் என்று இறைச்சியைக் கோதுமை மாவில் புரட்டி வறுத்து, இன்னும் ஒரு கரண்டி மாவும் கரைத்து ஊற்றி மூடினேன். தடித்த குழம்பு குக்கருக்குள் புரளாது, அடியிலேயே நின்று பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? மூன்றாம் விசிலோடு கரிந்த மணம் மாடிப்படி முழுக்க இறங்கியது. கீழ்வீட்டுக்காரர் நெருப்பென்று நினைத்து மேலே ஓடி வந்தார். குக்கரைத் தேய்த்துத் திருப்பிக் கொடுக்க இரண்டு நாள் பிடித்தது. இரகசியமாக வைத்திருந்த விஷயம் கட்டடத்துக்கே தெரிந்துபோயிற்று.

ஆகவே குக்கர் என்றால் மா கடைசியில், மூடி திறந்த பிறகு. இல்லாவிட்டால் அவிந்த உருளைக்கிழங்கு ஒன்றைக் குழம்பிலேயே மசித்துவிடுங்கள், மாவே வேண்டாம். குக்கருக்குள் சூடு 120 பாகை அளவுக்குப் போவதால் சவ்வு கெதியாக இளகும். அழுத்தம் வந்த பிறகு குறைந்த தீயில் நாற்பது நிமிடம் போதும். நேரம் முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அவசரமாக ஆவியை இறக்க வேண்டாம், தானாக அடங்கட்டும். மரக்கறியைப் பிறகு போட்டுத் திறந்த சட்டியில் அவியுங்கள். கரட்டைச் சேர்த்து நாற்பது நிமிடம் குக்கரில் வைத்தவர்கள் எங்கே கரட் என்று கேட்டு எனக்கு எழுத வேண்டாம்.

2024 ஜூன் 9, காலை

நேற்றையதில் விட்டுப்போனது: குக்கருக்கு இறைச்சி மூடும் அளவுக்குத் தண்ணீர் வேண்டாம். ஆவி வெளியே போவது குறைவு, இறைச்சியும் தண்ணீர் விடும். ஒரு கிலோவுக்கு ஒன்றரைக் கோப்பை. நான் இரண்டாம் தேதி சொன்ன அளவு சட்டிக்கு.

2024 ஜூன் 11, இரவு 10.05

தங்கச்சி திரும்பி வந்து கேட்டிருக்கிறார்: "மூன்று மணித்தியாலம் காஸ் எரித்தால் மாதக் கடைசிக்கு என்ன செய்வது அண்ணா?"

நியாயமான கேள்வி. 2022 பொருளாதார நெருக்கடியை மறந்துவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் ஐயாயிரம் ரூபாயை நெருங்கியது. காசு இருந்தாலும் சிலிண்டர் இல்லை, வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டுச் சனம் காவல் இருந்தது. மின்சார அடுப்பு வாங்கியவர்களுக்கு மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. எங்கள் மொட்டை மாடியில் மூன்று கல் வைத்து விறகு எரித்தார்கள். நாலாம் மாடிக்கு விறகு சுமந்தவர்களில் நானும் ஒருவன்.

அப்போது படித்த வித்தை இது. இறைச்சியை வறுத்து, தண்ணீர் விட்டு, அரை மணித்தியாலம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். மூடியை இறுக்கி, கொதிக்கக் கொதிக்கச் சட்டியைப் பழைய துவாய் இரண்டால் சுற்றி ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். மீன்காரரிடம் கேட்டால் பெட்டி கிடைக்கும், நன்றாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் ஸ்டூ சூரை மணக்கும். மூன்று மணித்தியாலம் திறக்கக் கூடாது. எட்டிப் பார்த்தால் சூடு போய்விடும். பிறகு எடுத்து மரக்கறி போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்துத் திரும்பவும் பெட்டிக்குள் ஒரு மணித்தியாலம். வறுப்பதை விட்டுப் பார்த்தால் மொத்தம் முக்கால் மணித்தியாலக் காஸ். முதல்முறை நீங்கள் ரப்பர் செய்ய எரித்த அளவுதான்.

இரண்டு எச்சரிக்கை. சட்டி முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும், பாதிச் சட்டி சூட்டைப் பிடித்து வைக்காது. பெட்டியிலிருந்து எடுத்ததும் சட்டி கை வைக்க முடியாத சூட்டில் இருக்க வேண்டும், சாப்பிடுமுன் திரும்பக் கொதிக்க வேண்டும். இளஞ்சூடாக இரவு முழுவதும் கிடந்த இறைச்சியைக் கொழும்பு வெக்கையில் நம்பாதீர்கள்.

2024 ஜூன் 12

பெட்டிக் கதையை வாசித்துவிட்டு மகன் கேட்கிறான், "அப்பா, அந்த வருஷம் பெட்டிக்குள்ளே ஸ்டூவா இருந்தது? எனக்கு ஞாபகம் பருப்பு." பருப்புத்தான் அதிகம். இறைச்சி இரண்டு முறைதான் வாங்கினோம். நினைவு தன்பாட்டுக்கு மெனுவைத் திருத்திவிடுகிறது.

2024 ஜூன் 17, இரவு

ஹஜ்ஜுப் பெருநாள். மேல் மாடிக்காரர் மத்தியானம் ஒரு பை குர்பான் இறைச்சி கொண்டுவந்து தந்தார். அறுத்ததை மூன்று பங்காக்கி ஒன்று வீட்டுக்கு, ஒன்று உற்றார் அயலாருக்கு, ஒன்று ஏழைகளுக்கு என்று பிரிப்பது வழக்கம். அயலார் பங்கு வருடா வருடம் எங்கள் பல்கனிக்கு வரும். தீபாவளிக்கு மனைவியின் பயற்றம் பணியாரம் மேலே போகும். கணக்கில் யாருக்கு யார் கடன் என்பது குழம்பிப் பல வருடம்.

வந்த சந்தோஷத்தில் உடனே பாதியை அடுப்பில் வைத்தேன். காலும் இருந்தது, நெஞ்சும் இருந்தது, இந்த இழையில் நான் எழுதியதெல்லாம் ஒன்றும் விடாமல் செய்தேன். மூன்று மணித்தியாலம் கழித்து கடித்தால், ஒற்றையடுப்பின் முதல் ஸ்டூ. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் பொய்.

2024 ஜூன் 19, இரவு

மிச்சப் பாதியை இரண்டு நாள் பிரிட்ஜில் வைத்து இன்று வைத்தேன். கரண்டியால் வெட்டலாம் போல மெத்தென்று இருக்கிறது. ஒரே மாடு, ஒரே சட்டி, ஒரே கை.

இடையில் மேல் மாடிக்காரரிடம் கேட்டதற்கு அவர் சிரித்தார். "நாங்க அன்னைக்கு ஈரல்தான் சமைப்போம், இறைச்சி மறுநாளைக்கு." அறுத்த சில மணித்தியாலத்தில் தசை இறுகிவிடும். மாட்டுக்கு அந்த இறுக்கம் விட ஒரு நாளாவது வேண்டும், பிறகு இறைச்சியில் உள்ள நொதிகளே நாரைத் தளர்த்தத் தொடங்கும். அவர்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து தெரிந்த விஷயம். நான் இங்கே கொலாஜன், மையார் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆக, ஜூன் 2 காலையில் எழுதியதில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: மாட்டில் பிழை இல்லை, ஆனால் மாடு எப்போது அறுத்தது என்று கேளுங்கள். தங்கச்சியின் முதல் ரப்பருக்கு நேரம் மட்டும்தான் காரணம் என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது.

பப்பாக்காய் பூசச் சொல்லி ஒருவர் எழுதியிருந்தார். கடித்து இழுக்கும் இறைச்சிக்கு அது நல்லது, வாட்டுவதற்கு இன்னும் நல்லது. ஸ்டூவுக்குத் தேவையில்லை. பப்பாசிப் பால் நாரை அறுக்கும், கொஞ்சம் கூடினால் வெளிப்பக்கம் களியாகி உள்ளே அப்படியே இருக்கும். மூன்று மணித்தியாலம் வேகப்போகிற இறைச்சிக்கு அதன் உதவி வேண்டாம்.

2024 ஜூன் 21, முற்பகல்

சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம். இன்று காலை பையைத் தூக்கிக்கொண்டு இறைச்சிக்கடைக்குப் போனேன். பூட்டு. பக்கத்துக் கடையும் பூட்டு. வீதி முனையில் தன்சலுக்கு (இலவச அன்னதானத்துக்கு) பந்தல் கட்டிக்கொண்டிருந்த பையனைப் பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறியது. போசன் போயா. பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் இறைச்சிக்கடை திறக்காது என்பது கொழும்பில் குழந்தைக்கும் தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்தவன் நான்.

தங்கச்சி, நீங்கள் இந்தக் கிழமை முடிவில் வைப்பதாகச் சொன்னீர்கள். நாளைக்குத்தான் வாங்கலாம். ஓகஸ்டில் 19ஆம் தேதி திங்கட்கிழமை போயா, அதையும் குறித்து வையுங்கள்.

2024 ஜூன் 21, இரவு 9.20

வெறும் பையோடு வந்த என்னைப் பார்த்துவிட்டு மனைவி சொன்னார்: "அந்தச் சரக்கெல்லாம் அப்படியே போட்டுப் பொலஸில் வைத்துப் பார்ப்போமா?" பொலஸ் என்றால் பிஞ்சுப் பலாக்காய், ஒன்று வியாழக்கிழமை வாங்கியது வீட்டில் கிடந்தது.

கையில் எண்ணெய் பூசி, பால் ஒட்டாமல் வெட்டி, இறைச்சித் துண்டு அளவாகவே நறுக்கினேன். எண்ணெயில் சிவக்க வறுத்தோம். வெங்காயம், கறுவா, மிளகு, றம்பை, எல்லாம் அதே அளவு. முக்கால் மணித்தியாலம். சமைத்தது உள்ளே, குசினியில். என் ஸ்டூ அந்த அடுப்பில் ஏறியது இதுதான் முதல் தடவை.

மணம் எழும்பியபோது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சி. அது என் ஸ்டூ மணமேதான். இத்தனை வருடமாக மாட்டிறைச்சி மணம் என்று நான் நினைத்திருந்ததில் பாதி, சிவந்த வெங்காயமும் கறுவாவும்.

மனைவி இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். "இதைத்தானா பல்கனியில் ஒளித்து வைத்திருந்தீர்கள்?"

2024 ஜூன் 23

இரண்டு நாள் யோசித்த பிறகு பொலஸ் ஸ்டூவைப் பற்றித் தீர்ப்பு. மணம் வந்தது, நிறம் வந்தது, பாணுக்கும் நன்றாகப் போனது. வராதது ஒன்று: சாப்பிட்டு முடிந்த பிறகு உதடு ஒன்றோடொன்று மெல்ல ஒட்ட வேண்டும். அது ஒட்டவில்லை. மறுநாள் பிரிட்ஜில் இருந்து எடுத்தபோது குழம்பு குழம்பாகவே இருந்தது. கால் இறைச்சி ஸ்டூ என்றால் தயிர் போல உறைந்து நிற்கும், கரண்டி விட்டால் ஆடும். அந்த ஜெலட்டின்தான் வாயில் வழுக்கி, தொண்டை வரை சூட்டைக் கொண்டுபோய் விடுகிறது.

அதனால்தான் முதல்நாளிலிருந்து சவ்வு, சவ்வு என்று கத்திக்கொண்டிருந்தேன் போல. சவ்வு மெத்தென்று அவிவதற்காக என்று சொன்னேன், அது உண்மைதான், ஆனால் அது பாதி. மீதிப் பாதி குழம்புக்கு. இறைச்சி சும்மா துணைக்கு வருகிறது என்றுகூடச் சொல்லலாம், அப்படிச் சொன்னால் மகன் வீட்டை விட்டுத் துரத்துவான்.

இதை மனைவியிடம் விளக்கினேன். "உதடு ஒட்டுவதுதான் வேண்டுமென்றால் கோந்து இருக்கிறதே" என்றார்.

மறுநாள் ஸ்டூ ருசி கூடும் என்பதும் இதோடு சேர்ந்தது. ஆறும்போது குழம்பு தடித்துச் சரக்கெல்லாம் இறங்கும். கொழுப்பும் மேலே வெள்ளையாகப் படியும், வேண்டாதவர்கள் வழித்து எடுத்துவிடலாம். ஆனால் சட்டியோடு இரவு முழுக்க மேசையில் விடாமல், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து பிரிட்ஜில் வையுங்கள்.

2024 ஜூன் 24

பாண் பற்றி ஒருவருமே கேட்கவில்லை, இது என்ன அநியாயம்? ஸ்டூவுக்கு ரோஸ்ட் பாண். இடியப்பம் இரண்டாவது. சோறு என்றால் நான் கதைக்கவே மாட்டேன். பின்னேரம் பாண் விற்க வரும் சூன் பாண் ஓட்டோவின் மெட்டுக் கேட்டதும் படி இறங்கி ஓடினால் சூடாகக் கிடைக்கும். இரண்டு பேருக்கு ஒரு றாத்தல் என்பது கணக்கு, ஸ்டூ நாளில் அந்தக் கணக்கு செல்லாது.

2024 ஜூன் 30, மாலை

ஒற்றையடுப்பு நேற்று எழுதியதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முழங்கால் இறைச்சி, வெள்ளிக்கிழமை வாங்கி ஒரு நாள் பிரிட்ஜில், பிறகு ரெஜிபோம் பெட்டி. இறைச்சி எலும்பை விட்டுக் கழன்றதாம். உதடும் ஒட்டியதாம். ஆனால் உருளைக்கிழங்கு கரைந்து காணாமல் போனது, குழம்பு கஞ்சி மாதிரித் தடித்துவிட்டது, எங்கே பிழை விட்டேன் அண்ணா என்று கேட்கிறார்.

பிழை என்னுடையது. தக்காளியை ஏன் போடுவது என்று சொல்லாமல் இரண்டாம் தேதி சும்மா ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டேன். புளிப்பு இருந்தால் உருளைக்கிழங்கும் கரட்டும் இளக நேரம் எடுக்கும், உருவம் குலையாது. நீங்கள் தக்காளி விலையைப் பார்த்துவிட்டு அதைப் போடாமல் விட்டதாகச் சொல்கிறீர்கள். பெட்டிக்குள் ஒரு மணித்தியாலம் புளிப்பில்லாமல் கிடந்தால், மா பிடித்த கிழங்கு என்றால், கரையத்தான் செய்யும். அடுத்த முறை இரண்டு தக்காளி, அல்லது கிழங்கு போடும்போதே அரைக்கரண்டி வினாகிரி. அதோடு கிழங்கை நாலாக வெட்டாமல் இரண்டாக வெட்டுங்கள்.

கரைந்ததற்காகக் கவலைப்படவும் வேண்டாம். மா போடாமலே குழம்பு தடித்திருக்கிறது, நான் குக்கர் எரித்துக் கற்றுக்கொண்டதை நீங்கள் கிழங்கைத் தொலைத்துக் கற்றிருக்கிறீர்கள். கிழட்டு மாடு பற்றிய முடிவை வாபஸ் வாங்குகிறீர்களா என்பதையும் சொல்லவில்லை, சட்டியில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சொல்லவில்லை. வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு நடந்தே வரலாம், பாண் நான் கொண்டு வருகிறேன்.